பிடிக்கயிறு

ஈட்டிகளைச் சோதிக்கும் மேசையை நோக்கி வரிசை வெயிலில் மெல்ல நகர்ந்தது. மகள் சுலோஜனாவுக்குப் பின்னால் நின்ற முருகேசு, அவள் தோளில் கிடந்த ஈட்டியின் நடுவையே பார்த்துக்கொண்டிருந்தார். நைந்துபோன பிடிக்கயிற்றை வெட்டி எறிந்துவிட்டு, பச்சை நைலோன் நூலால் அவர் புதிதாகச் சுற்றியிருந்தார். சல்லிக் கிராமத்துக் கடற்கரையில் கிழிந்த வலை பொத்துகிற கை.

"கொஞ்சம் தடிப்பாக் கிடக்கப்பா."

"தடிப்பெண்டாத்தான் வழுக்காது. வலைக்குப் போடுற முடிச்செல்லே பிள்ளை."

அந்த ஈட்டியை வாங்கிய அன்று, தெரிவுசெய்ய அவள் நகரத்துக் கடையில் அரைநாள் நின்றிருந்தாள். விறைப்பானது மிகத் தூரம் எறிகிற பலசாலிகளுக்கு. அவளுக்குக் கொஞ்சம் இளகினது வேண்டும். ஒவ்வொன்றாகத் தூக்கி, ஒரு கண்ணை மூடி நேர்பார்த்தாள்.

"மாப்பிள்ளையோ தங்கச்சி பாக்கிறீங்க?" என்று கடைக்கார லாபிர் நானா சிரித்தார்.

"மாப்பிள்ளைக்கு இவ்வளவு பாக்கத் தேவையில்லை, நானா."

இன்றைய போட்டியில் முதலாவதாக வந்தால் ஓர் அரச அணியில் இடம், அதோடு நிரந்தர வேலை. நிலாவெளி ஹொட்டலில் அவள் படுக்கைவிரிப்புத் தோய்ப்பது முடிந்துவிடும்.

மேசையில் இருந்து சோதித்த நௌபர் சேர் பிடியைத் தடவினார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"ஆர் சுத்தினது?"

"நான்தான் ஐயா," முருகேசு முன்னால் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"முடிச்சு இருக்கே. பிடி ஒரே சீரா இருக்கவேணும். இதை எறிய ஏலாது."

பின்னால் யாரோ, "வலைக்காரர் ஈட்டியில மீன் குத்தப் போறார் போல," என்றார்கள்.

முருகேசு ஈட்டியை எட்டிப் பிடித்தார். "அவிட்டுத் தாறன் ஐயா, இப்பவே..."

"உள்ளுக்குப் பழைய கயிறு இருக்கோ?"

அதை வெட்டி எறிந்தது நினைவுக்கு வர, அவர் கை ஈட்டியை விட்டது.

ஈட்டி மேசைக்கடியில் போனது. புல்லில் கிடந்த, மைதானத்துக்குச் சொந்தமான ஈட்டிகள் இரண்டில் ஒன்று ஆண்களுக்கானது. மற்றதைத் தூக்கி சுலோஜனா ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"சேர், இது வால்பக்கம் வளைஞ்சு கிடக்கு."

"சோதிச்சுப் பாத்து ஸ்டிக்கர் ஒட்டியாச்சு, தங்கச்சி. அது எங்கட சாமான்."

"அந்தா, பந்தலுக்க புதுசு அடுக்கிக் கிடக்கே!" முருகேசு கை நீட்டினார்.

"அது பின்னேரம் பிரதம விருந்தினர் கையளிக்கிறதுக்கு, ஐயா. அதுக்கு முதல் தொடக்கூடாது."

அவள் தகப்பனைப் பார்க்கவில்லை. வளைந்ததை எடுத்துக்கொண்டு எறிகோட்டுக்குப் போனாள்.

மூன்று முறை ஓடி எறிந்தாள். மூன்று முறையும் ஈட்டி காற்றில் நெளிந்து, வால் முதலில் மண்ணைத் தொட, எறி செல்லாது என்று நடுவரின் சிவப்புக் கொடி உயர்ந்தது.

பந்தலுக்குள் இரண்டு பேர் புது ஈட்டிகளின் பொலித்தீனைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். "குடுக்கிறவரின்ர பேர் தெரியிற பக்கத்தைக் கமராவுக்குத் திருப்பு," என்றார் ஒருவர். மற்றவர் ஒவ்வொன்றாகத் திருப்பினார்.