மூன்றாம் ஓலை

"இன்னிக்கு நீ என் பக்கத்துலதான் உட்காரணும்," என்று வில்சன் சொன்னபோது ரயில் ராஜபாளையம் ஸ்டேஷனை விட்டு முழுவதுமாக வெளியே வந்திருக்கவில்லை. அன்னாள் அவனுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். இருவருக்கும் நடுவில் தங்கைக்கு வாங்கிய சேலையும் ஒரு சீப்பு வாழைப்பழமும் இருந்த பை மட்டும்தான். அவன் சொன்னது ரயிலைப் பற்றி அல்ல என்று அவளுக்குத் தெரியும். மூன்று நாளாகவே தெரியும்.

"இன்னிக்கு மட்டும் வேண்டாங்க. அடுத்த வாரம் நீங்க எங்க சொன்னாலும் உட்காருதேன்."

"அடுத்த வாரம் ஒரு கல்யாணம் இருக்கும். அதுக்கடுத்த வாரம் ஒரு ஞானஸ்நானம். என்னிக்கும் ஒரு இன்னிக்கு இருக்கத்தான் செய்யும்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பருத்திக் காடுகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. மேற்கே மலை மட்டும் கூடவே வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் பிறந்து வளர்ந்த சபையில் இன்று தேவகிருபையின் மூன்றாம் ஓலை. கல்யாணம் பேசி முடித்தால் மூன்று ஞாயிறுகள் மாப்பிள்ளையின் பெயரையும் பெண்ணின் பெயரையும் ஆராதனையில் வாசித்து, தடை இருந்தால் சொல்லலாம் என்று சபையாரைக் கேட்பார்கள். இரண்டு ஞாயிறுகள் யாரும் வாய் திறக்கவில்லை. இன்றும் தாண்டிவிட்டால் தேவகிருபை ரத்தினத்தின் மனைவியானது போலத்தான். அவளுக்கு இருபத்தாறு முடிந்துவிட்டது. அப்பா இறந்த பிறகு வந்த இரண்டு இடங்கள் பெயர் வாசிக்கும் அளவுக்குக்கூட வரவில்லை. இதுவும் போனால் இவள் என்னோடேயே இருந்துவிட வேண்டியதுதான் என்று அம்மா ஜெயபாய் பெண் காதில் விழும்படியே சொல்லத் தொடங்கியிருந்தாள்.

மாப்பிள்ளையின் அப்பா வேதசிரோமணி, வன்னியம்பட்டியில் சபையைக் கவனிக்கும் உபதேசியாராக இருந்து ஓய்ந்தவர். அங்குள்ள சின்ன ஆலயத்தில் இன்னும் பாய்தான். ஆண்கள் இடது புறம், பெண்கள் வலது புறம், நடுவே ஓர் ஆள் நடக்கும் வழி. மகனுக்கு முன்பு பேசிய ஓர் இடத்தை அவர் இரண்டாம் ஓலைக்குப் பிறகு நிறுத்தியிருக்கிறார். சபை விருந்தான அசனத்தன்று சபையே வரிசையாக உட்கார்ந்து கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண்ணின் அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்துச் சாப்பிட்டான் என்பதுதான் காரணம். "வேதம் சீமைலேருந்து வந்துச்சு, சரி. கரண்டியும் கூட வரணும்னு எங்க எழுதியிருக்கு?" என்று அவர் கேட்டது மூன்று ஊருக்குப் பரவியிருந்தது. இன்று ஓலையைக் காதால் கேட்க அவரும் வருகிறார்.

வில்சனுக்கு இதெல்லாம் தெரியாததல்ல. ராஜபாளையத்தில் புதிதாக எழுந்த ஒரு நூல் ஆலையில் அவன் கிளார்க். இயந்திரங்களைப் பூட்ட வந்திருந்த துரைக்கு அவனுடைய இங்கிலீஷ் பிடித்துப்போயிற்று. போன வியாழக்கிழமை இருவரையும் டீக்கு அழைத்திருந்தார். வில்சன் நாற்காலியில் உட்கார்ந்ததும் அன்னாள் வழக்கம்போல அவனுக்குப் பின்னால் போய் நின்றாள். ஆண்கள் சாப்பிடும்போது அவள் வேறெங்கும் நின்றதில்லை. துரைசானி உடனே எழுந்துவிட்டாள். நீ உட்காராமல் நான் உட்கார மாட்டேன் என்பதுபோலச் சிரித்தபடி நின்றாள். அதைப் பார்த்துத் துரையும் எழுந்தார். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அறையில் வில்சன் ஒருவன் மட்டும் உட்கார்ந்திருந்தான். எழுவதா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் பிடரி வியர்த்ததை அவள் பின்னாலிருந்து பார்த்தாள்.

"அவிய கண்ணுக்கு நீ என் சம்சாரமாத் தெரியல. சமையக்காரியாத் தெரிஞ்சே," என்று திரும்பி வரும் வழியில் அவன் சொன்னான்.

அவளுக்குச் சொல்ல ஒன்று இருந்தது. பிரம்பு நாற்காலியின் நுனியில் கடைசியில் அவள் உட்கார்ந்தபோது, பயம் போன பிறகு, அது நன்றாகத்தான் இருந்தது. அவன் பிஸ்கட்டைக் கடிக்கும்போது அவன் முகம் அவள் முகத்துக்கு நேராக இருந்தது. கல்யாணமான நாலு வருஷத்தில் அவன் சாப்பிடுவதை அவள் மேலிருந்துதான் பார்த்திருக்கிறாள். வீட்டில் ஒருநாள், யாரும் இல்லாதபோது, நானும் கூட உட்காரட்டுமா என்று அவளே கேட்டிருக்கவும் கூடும். ஆனால் மறுநாள் காலையிலேயே அவன் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டான். பெயர் சொல்லிக் கூப்பிடு. பக்கத்தில் நட. கோயிலில் ஒன்றாக உட்கார். அவன் எதையும் கேட்கவில்லை, சொன்னான். அதுவரை 'ஏட்டி' என்று கூப்பிட்டவன் 'அன்னாள்' என்று கூப்பிடத் தொடங்கியிருந்தான். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குக் கூப்பிடுவதுபோல இருந்தது அவளுக்கு.

"நான் எப்பவும்போல பொம்பளைங்க பக்கமே போறேன்," என்றாள் இப்போது.

"போ. நான் அங்க வந்து உன் பக்கத்துல உட்காருவேன்."

"வெளையாடாதிய."

"நான் வெளையாடல." அவன் குரலைத் தாழ்த்தினான். "நாலு வருஷமா எனக்குப் பின்னாலயே நடக்கே. நீ வாரியா இல்லையான்னு நான் திரும்பித் திரும்பிப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட வேண்டியிருக்கு. எனக்கு அலுத்துப் போச்சு, அன்னாள்."

அந்தக் குரலில் பொய் இல்லை. அதுதான் அவளை இன்னும் கலங்கடித்தது.

ஆலய வாசலில் தேவகிருபை அன்னாளின் சேலை மடிப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்து, "மாமா வந்துட்டாவ, அக்கா. காலைல இருந்து பச்சத்தண்ணி எறங்கல," என்றாள்.

"அவருக்கா?"

"எனக்கு."

இருவரும் சிரித்தார்கள். சொல்லிவிடலாமா என்று அன்னாள் நினைத்தாள். சொன்னால் இவள் என்ன செய்வாள்? அத்தானிடம் போய்க் கெஞ்சுவாள். அவன் மறுப்பான். வாசித்து முடியும்வரை அதையும் இவள் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். "உள்ள போ. அம்மா பக்கத்துல இரு," என்று மட்டும் சொன்னாள்.

இந்த ஆலயத்துக்குத் தேக்குப் பெஞ்சுகள் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. பாய் போய்ப் பெஞ்சு வந்ததே தவிர, பக்கங்கள் மாறவில்லை. அன்னாள் பெண்கள் பக்கம் நடுப் பெஞ்சில் வழியோரமாக உட்கார்ந்தாள். எதிர்ப்பக்கம் முன்வரிசையில் வேதசிரோமணியின் நரைத்த தலையும் அவர் கைத்தடியும் தெரிந்தன. பாட்டு எழும்புவதற்குள் நிழல் ஒன்று அவள்மேல் விழுந்தது. வில்சன் வந்து நின்றான். "தள்ளி உட்காரு," என்றான் மெதுவாக.

அவள் அசையவில்லை. அவன் அவளைத் தாண்டிப் போய் அடுத்திருந்த இடத்தில் உட்கார்ந்தான். அந்தப் பெஞ்சில் இருந்த பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து விலகினார்கள். கடைசியில் இருந்த வெள்ளத்தாய், கேட்கும்படியாகவே, "மாப்பிள்ள, இது சேலை கட்டுனவளுகளுக்கு உள்ள எடம். கட்டிட்டு வாரிகளா?" என்றாள். பின்னால் இரண்டு பெஞ்சுகள் சிரித்தன. முன்பெஞ்சிலிருந்த ஜெயபாய் திரும்பிப் பார்த்தாள். பார்த்தவள் சட்டென்று முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வில்சனின் காது சிவந்தது. ஆனால் அவன் எழவில்லை. எழ மாட்டான் என்பது அன்னாளுக்குப் புரிந்தது. சிரிப்பு இன்னும் ஒரு வரிசை முன்னால் போனால் பெரியவர் திரும்புவார். அவர் திரும்பும்போது ஒரு ஆண் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பது மோசமா, ஒரு பெண் ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருப்பது மோசமா? யோசிக்க நேரம் இல்லை. அவள் எழுந்தாள். வழியைத் தாண்டி ஆண்கள் பக்கத்துக் கடைசிப் பெஞ்சுக்குப் போனாள். வில்சன் பின்னாலேயே வந்தான். அங்கிருந்த இரண்டு கிழவர்கள் எழுந்து முன்னால் போய்விட்டார்கள். அந்த நீளப் பெஞ்சில் அவர்கள் இருவர் மட்டும் இருந்தார்கள். வில்சன் நிமிர்ந்து உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தை அவளுக்கும் தெரியும்படி பிடித்தான். அதில் ஓர் எழுத்தும் அவள் கண்ணில் படவில்லை.

பாட்டு, ஜெபம், வாசிப்பு எல்லாம் முடிந்தன. பிறகு போதகர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு தாளை எடுத்தார். "வன்னியம்பட்டி வேதசிரோமணி குமாரன் ரத்தினத்துக்கும், இச்சபையைச் சேர்ந்த காலஞ்சென்ற தாவீது குமாரத்தி தேவகிருபைக்கும் விவாகம் நடப்பதற்குத் தடை எதுவும் அறிந்தவர்கள் இப்போதே சொல்லக்கடவர்கள். இது மூன்றாம் முறை."

கூரையில் ஒரு புறா நகரும் சத்தம். ஜெயபாயின் முதுகும் தேவகிருபையின் முதுகும் ஒன்றாக இறுகியிருந்தன. போதகர் தாளை மடிக்கப் போனார். கைத்தடி தரையைத் தட்டியது.

வேதசிரோமணி எழுந்து நின்றார். முன்பக்கம் பார்த்து அல்ல, பின்பக்கம் பார்த்து. "தடைன்னு சொல்ல எந்திரிக்கல. ஒண்ணு கேக்கணும்."

"எதுன்னாலும் ஆராதனை முடிஞ்ச பொறவு பேசிக்கிடலாம், பெரியவரே," என்றார் போதகர்.

"பொறவு பேசினா அது சம்பந்திப் பேச்சு. இப்பப் பேசினாத்தான் ஓலைப் பேச்சு." அவர் நடு வழியில் இறங்கி மெல்ல நடந்து வந்தார். அவர்கள் பெஞ்சுக்கு நாலடி முன்னால் நின்றார். கோபமாக இல்லை. களைத்தவர்போல இருந்தார். "தம்பி, உங்க வீட்டம்மாளை அந்தப் பக்கம் போய் உட்காரச் சொல்லுங்க. சொல்லிட்டா நானும் போய் உட்கார்ந்திருதேன்."

"அவ என் சம்சாரம். இங்கதான் உட்காருவா," என்றான் வில்சன்.

"உங்க சம்சாரந்தான். அதனாலதான் உங்ககிட்ட கேக்கேன்."

பெரியவர் அவனையே பார்த்தார், அவன் பெரியவரையே பார்த்தான். இரண்டு பார்வைகளும் அன்னாளைத் தொடாமலே சந்தித்துக்கொண்டன. யாரோ ஒரு பெண் அந்தப் பக்கத்தில் நகர்ந்து அவளுக்கு இடம் விடுவது தெரிந்தது. அம்மாவாகத்தான் இருக்கும். இந்தப் பக்கத்தில் வில்சனின் கை பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருந்தது. விட்டால் அவள் போய்விடுவாள் என்பதுபோல.

அவள் எழுந்தாள். அவன் முழங்காலை உள்ளே இழுத்து வழிவிட்டான். அவன் முகம் வாடியது. பெரியவர் தலையசைத்து ஓர் அடி பின்னால் நகர்ந்தார். அன்னாள் பெஞ்சை விட்டு வழிக்கு வந்தாள். பெண்கள் பக்கம் மூன்றே அடி. அவள் அங்கே போகவில்லை. சேலையைச் சேர்த்துப் பிடித்து, நின்ற இடத்திலேயே, நடு வழியில், தரையில் உட்கார்ந்தாள்.

சபையில் ஒரு முனகல் எழுந்து அடங்கியது. "அன்னாள்," என்றான் வில்சன். "ஏட்டி," என்றாள் ஜெயபாய்.

"இன்னொரு தரம் வாசிங்க, ஐயா," என்றாள் அவள். அவளுக்கே அந்நியமாக இருந்தது அந்தக் குரல். ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது.

போதகர் அவளைப் பார்த்தார். பிறகு தாளைத் திரும்ப உயர்த்தினார். வன்னியம்பட்டி வேதசிரோமணி குமாரன் ரத்தினம். காலஞ்சென்ற தாவீது குமாரத்தி தேவகிருபை. ஒவ்வொரு பெயரையும் முன்பைவிட மெதுவாக வாசித்தார். தடை அறிந்தவர்கள் இப்போதே சொல்லக்கடவர்கள்.

தரையிலிருந்து பார்த்தபோது முகங்கள் தெரியவில்லை, கால்கள்தான் தெரிந்தன. இடது புறம் வெடித்த குதிகால்கள், அவற்றுக்குப் பின்னால் தனியாக வில்சனின் கறுப்புப் பூட்ஸ். வலது புறம் மிஞ்சியில்லாத விரல்களின் வரிசை. முன்னால் ஒரு ஜோடி மெலிந்த கால்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருந்தன. அவை தேவகிருபையுடையவை. அவளுக்கு நேர் எதிரே, நாலைந்து அடி தள்ளி, வண்டிப்பாதைச் செம்மண் இன்னும் உதிராத இரண்டு கிழட்டுப் பாதங்களும் ஒரு கைத்தடியின் பூணும் நின்றன.

யாரும் பேசவில்லை. புறாவும் அடங்கிவிட்டிருந்தது. போதகர் தாளை மடிக்கவும் இல்லை, அடுத்ததைத் தொடங்கவும் இல்லை. கைத்தடி மெல்ல உயர்ந்து ஓர் அடி தள்ளி ஊன்றியது. வலது காலின் பெருவிரல் தரையை அழுத்திக்கொண்டு முன்பக்கமாகத் திரும்பத் தொடங்கியது. பெரியவர் எழுந்து வந்த பெஞ்சு இருந்தது அந்தப் பக்கம்தான். வெளியே போகும் பக்கவாசல் இருந்ததும் அந்தப் பக்கம்தான்.