நெப்டியூனுக்கு முப்பது கயிறு

மைதானத்தின் கோடியில், சுவரோரமாக ஒரு ஸ்டூலைப் போட்டு அதன் மேல் சூரியனை வைத்தாள் கணக்கு டீச்சர். சூரியன் ஓர் ஆரஞ்சுப் பழம். அந்த அளவுக்குப் பூமி வெறும் மணல் பருக்கை, பத்து மீட்டர் தள்ளி. வியாழன் ஒரு பட்டாணி. பத்து மீட்டர் கயிற்றைப் போட்டுப் போட்டு அளந்து, ஒவ்வொரு கோளுக்கும் ஒரு பிள்ளையை நிறுத்திக்கொண்டே போனார்கள். யுரேனஸ் சரியாக வாசல் காவலாளியின் நாற்காலியில் போய் விழுந்தது. மனுஷன் எழுந்திருக்காமலே கோளாகிவிட்டார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

முப்பதாவது கயிற்றில் வர வேண்டிய நெப்டியூன், ஒரு கொத்தமல்லி விதை, மட்டும் பள்ளிக்குள் அடங்கவில்லை. பிள்ளைகளை வெளியே விட முடியாது. தன் மகள் என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? அவளையே கயிற்றின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லித் தெருவுக்குக் கூட்டிப்போனாள்.

டீச்சரும் கணவரும் பிரிந்த பிறகு மகள் அப்பாவோடுதான் இருக்கிறாள். யாரும் பிடுங்கிக்கொண்டு போகவில்லை, அவளே கேட்டுப் போனாள். மகளைப் பார்க்க டீச்சருக்கு இந்தச் சனிக்கிழமை விண்வெளி வகுப்புதான் மிச்சம். அதற்காகவே இந்த வகுப்பை ஆரம்பித்தாள் என்று யாராவது சொன்னால் இல்லவே இல்லை என்று அடித்துப் பேசுவாள். உண்மை அதுதான்.

டீச்சர் முன்னால் போவாள். கயிறு விறைத்ததும் சாக்பீஸால் கோடு போட்டு எண்ணைச் சொல்வாள். மகள் அந்தக் கோட்டுக்கு வந்து சேர்வதற்குள் அவள் அடுத்த பத்து மீட்டர் போயிருக்க வேண்டும். சேர்ந்தே நடந்தாலும் பக்கத்தில் நடக்க முடியாத வேலை. எதைப் பேசினாலும் கத்தித்தான் பேச வேண்டும்.

"இருபத்தஞ்சு! அடுத்த வாரம் ராக்கெட் செய்றோம். வருவேல்ல?"

"அப்பா நீச்சல்ல சேத்து விட்டிருக்காரும்மா. சனிக்கிழமைதான் க்ளாஸ்."

"நீ என்னடி சொன்ன?"

"சரின்னேன்."

பழக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். டீச்சர் கோடு போட்டாள். "இருபத்தாறு," என்றாள். அடுத்த கோட்டுக்கும் "இருபத்தாறு" என்றாள். கூட்டலில் ஒருநாளும் பிசகாதவளுக்கு, மகளோடு இன்னும் ஒரு கயிறு தூரம் வேண்டியிருந்தது.

"இருபத்தாறு ஆயிடுச்சும்மா."

"ஆகலை."

மகள் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கோட்டில் வந்து நின்றாள். டீச்சர் இருபத்தேழு, இருபத்தெட்டு என்று எண்ணிக்கொண்டே போனாள்.

"இருபத்தொன்பது," என்று டீச்சர் சொல்லவும், பள்ளி வாசலில் கார் ஹாரன் அடித்தது. அப்பா சீக்கிரமே வந்துவிட்டார். மகள் திரும்பிப் பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. வந்துடு," என்றாள் டீச்சர்.

"இல்லம்மா. முப்பது ஆயிடுச்சு. நீ நிக்கிற எடம்தான் நெப்டியூன்." குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. மகள் குனிந்து, கயிற்றின் முனையைப் பத்திரமாகத் தரையில் வைத்துவிட்டு வாசலை நோக்கி ஓடினாள்.

கார் போன பிறகு காவலாளி நாற்காலியிலிருந்தே குரல் கொடுத்தார். "டீச்சர், பிள்ளைங்க கேக்குதுங்க! நெப்டியூன் வந்தாச்சா?"

அவள் கையைத் தூக்கிக் காட்டினாள். இங்கிருந்து ஆரஞ்சு தெரியவில்லை. விதையைக் கோட்டின் மேல் வைத்துவிட்டுக் கயிற்றை இழுக்க ஆரம்பித்தாள். பிடிக்க ஆளில்லாத மறுமுனை, தார்ச்சாலையில் உரசிக்கொண்டு, துள்ளித் துள்ளி அவளிடம் வந்துகொண்டிருந்தது.