மூன்று தட்டு

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கும் மதார் சாகிப் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். என் புருஷன் கஸ்பார் என்னை அடிக்கும்போதெல்லாம் சாகிப் அந்தச் சுவரை மூன்று தட்டுத் தட்டி, "கஸ்பாரு, போதும் வுடு" என்பார். அடி நின்றுவிடும்.

அறுபத்தெட்டாம் வருஷம் கிறிஸ்மஸ் லீவுக்கு எண்ணூரில் தோணி பிடித்துப் பழவேற்காடு போனோம். டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டத்தைப் பார்க்க எங்கள் மகள் ஃப்ளோரன்ஸுக்கு ஆசை. வாசல் தூணில் செதுக்கியிருந்த எலும்புக்கூட்டை அவள் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கஸ்பார் பீடிக்குத் தீப்பெட்டி கேட்டான். நான் அதை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன்.

முதல் அறையிலேயே உதடு கிழிந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற கை அது. முடியைப் பிடித்து என் நெற்றியைக் கல்லறைக் கல்லில் மோதினான். விழுந்தவளை விலாவில் உதைத்தான். அடி போய்க்கொண்டே இருந்தது. சுவரைத் தட்ட அங்கே சாகிப் இல்லை.

ஃப்ளோரன்ஸ் ஒரு செங்கல்லை எடுத்துத் தூணில் மூன்று தட்டுத் தட்டினாள். சாகிப்பைப் போலவே அடித்தொண்டையில், "கஸ்பாரு, போதும் வுடு" என்றாள்.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

"கோவம் வந்துச்சின்னா எனக்குக் கண்ணு மண்ணு தெரியாதும்மே" என்று பதினாறு வருஷமாகச் சொன்னவன். காது மட்டும் நன்றாகக் கேட்டிருக்கிறது.

எழுந்து, மத்தியானத்துக்கு மீன் குழம்போடு கொண்டுவந்திருந்த டிபன் கேரியரைத் தூக்கி அந்தக் காதிலேயே அடித்தேன். சுருண்டு விழுந்தான். மறுபடியும் அடித்தேன்.

செங்கல் ஃப்ளோரன்ஸ் கையில்தான் இருந்தது. அவள் தட்டவில்லை.