பிறந்தநாள் விருந்தில் ஓர் ஒப்பாரி

டெஸ்மண்டுக்கு ஹொக்கியன் பாட்டு பிடிக்கும். யாராவது ஹொக்கியன் பேசினால்தான் பிடிக்காது. கத்தோங்கில் உள்ள அந்த உணவகத்துக்கு அவன் மேலாளர். சுவரில் பழைய சோடா விளம்பரத் தகடுகள், மேசையில் சேவல் படம் போட்ட கிண்ணங்கள், கூரையில் பதித்த ஒலிபெருக்கிகளில் நாள் முழுக்க அறுபது வருஷத்துப் பழைய ஹொக்கியன் பாட்டுகள். வருகிறவர்கள் ஆகா ஓகோவென்று படம் எடுத்துக்கொண்டு, ஒரு தட்டு நூடுல்ஸுக்கு இருபத்தெட்டு வெள்ளி கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்தப் பாட்டுகளில் என்ன சொல்கிறார்கள் என்று அவர்களுக்கும் தெரியாது, டெஸ்மண்டுக்கும் தெரியாது. ஹொக்கியன் பழைய தலைமுறைச் சீனர்களின் பேச்சு; வீட்டில் பள்ளிக்கூடச் சீனமான மாண்டரினும் ஆங்கிலமும் மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளை அவன்.

பரிமாறுகிற பீ லியானுக்குத் தெரியும். அறுபத்திரண்டு வயதான அவள் ஒருத்திதான் அங்கே ஹொக்கியன் தெரிந்தவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. குடிகாரப் புருஷனை நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போல் திட்டுகிற பாட்டு மேலே ஓடும். கீழே ஒரு இளம் ஜோடி கையோடு கை கோத்துக் கண்மூடி ரசிக்கும். அவள் தட்டுகளை அள்ளிக்கொண்டு உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வருவாள்.

அந்தச் சிரிப்புக்கும் வந்தது கேடு. வயதான வாடிக்கையாளர் ஒருவரிடம் ஹொக்கியனில் நாலு வார்த்தை பேசினாள் என்று டெஸ்மண்ட் அவளை ஓரமாகக் கூப்பிட்டான். "ஆன்ட்டி, இங்க மாண்டரின் பேசுங்க, இல்லாட்டி இங்கிலீஷ் பேசுங்க. ஹொக்கியன் வேணாம். சந்தைக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கு" என்றான். பத்து நாள் கழித்து மறுபடியும் அவன் காதில் விழுந்தது. மூன்றாவது தடவை விழுந்தால் பாத்திரம் கழுவும் இடத்துக்கு அனுப்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டான். சோப்புத் தண்ணீர் பட்டால் பீ லியானின் விரல்கள் வெடித்து ரத்தம் கசியும். அது அவனுக்கும் தெரியும். அன்றிலிருந்து அவள் வாயைப் பூட்டிக்கொண்டாள். மேலே இருக்கிற பெட்டி பேசலாம், கீழே இருக்கிற மனுஷி பேசக் கூடாது. இது எந்த ஊர் நியாயம் என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

ஒரு சனிக்கிழமை காலை டெஸ்மண்ட் புதிதாக ஒரு பாட்டுத் தொகுப்பை எங்கிருந்தோ இறக்கிப் போட்டான். பீ லியான் கைத்துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஏழாவது பாட்டு ஆரம்பித்ததும் அவள் கை நின்றுவிட்டது.

செத்துப்போன அப்பனைத் தூக்கிக்கொண்டு போகும் வண்டிக்குப் பின்னால் மகள்கள் முட்டி போட்டு ஊர்ந்து போவார்கள். அவர்களால் அழ முடியாவிட்டால் கூலிக்கு அழ ஒரு பெண் வருவாள். வெள்ளை முக்காடு போட்டு, மைக்கைப் பிடித்துக்கொண்டு, மகளின் இடத்தில் நின்று அழுது பாடுவாள். அவள் பாடுகிற பாட்டு இது. பீ லியானின் அப்பாவுக்கும் இதைத்தான் பாடினார்கள். அவள் வயதில் இருக்கிற யாருக்கும் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். குழைவான மெட்டுதான், வயலின்கூட உண்டு. வார்த்தை தெரியாதவனுக்கு அது காதல் பாட்டு.

அன்று மதியம் பன்னிரண்டு மணிக்கு நடு மேசை முழுவதையும் யாப் குடும்பத்தார் பிடித்துவைத்திருந்தார்கள். வீட்டுப் பெரியவருக்கு எண்பதாவது பிறந்தநாள்.

பீ லியான் டெஸ்மண்டிடம் போனாள். தனக்குத் தெரிந்த அரைகுறை மாண்டரினில், அந்த ஏழாவது பாட்டு நல்ல பாட்டு இல்லை, பிறந்தநாளுக்கு ஆகாது என்று சொன்னாள். அவன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வார்த்தைய எல்லாம் யாரு ஆன்ட்டி கேக்குறா? பாட்ட நான் பாத்துக்கறேன், நீங்க மேசையப் பாருங்க" என்றான். கல்லாவில் இருந்த பெண் களுக்கென்று சிரித்தாள்.

இன்னும் ஒரே ஒரு வாக்கியம்தான் பாக்கி. அது எழவு வீட்டுப் பாட்டு என்று சொல்லியிருந்தால் முடிந்தது. அந்த வாக்கியம் தொண்டை வரை வந்தது, அவள் விழுங்கிவிட்டாள். படட்டும், பட்டால்தான் புத்தி வரும் என்று நினைத்தாள். பாட்டைக் கேட்டுக் குடும்பமே எழுந்து நிற்கும், மூத்த மகன் டெஸ்மண்டை நாய் மாதிரி விரட்டுவான், அவன் முகத்தில் ஈயாடாது. அதை ஓரமாக நின்று பார்க்க வேண்டும். துணி மடிக்க மடிக்க அந்தக் காட்சி அவளுக்கு இனித்தது.

யாப் தியான் லாய் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு பேத்தியின் கையைப் பிடித்து வந்தார். இளமையில் ஆற்றில் சரக்குப் படகு ஓட்டியவர். தோள் இன்னும் அகலமாகத்தான் இருந்தது. பதினாறு பேர் சுற்றி உட்கார்ந்தார்கள். அவர் ஹொக்கியனில் ஒன்று கேட்டால் மகன் மாண்டரினில் ஏதோ சொன்னான், பேத்தி ஆங்கிலத்தில் எதையோ சொல்லிக் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். பிரியத்துக்குக் குறைவில்லை, பேச்சுக்குத்தான் ஆள் இல்லை. அதனால் அவர் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றும் அவருக்குத் தெரிந்த பாட்டு. மேசையில் விரலால் தாளம் போட்டார். ஒரு பாட்டுக்கு, இதைப் படகில் பாடுவோம் என்று பேரனிடம் சொன்னார். பேரன் "ஓகே, ஆ கோங்" என்றான்; தாத்தா என்கிற அந்த ஒரு ஹொக்கியன் சொல்தான் அவனுக்குத் தெரியும்.

பீ லியான் டீ ஊற்றும்போது அவர் நிமிர்ந்து, டீ நல்ல சூடு என்று ஹொக்கியனில் சொன்னார். டெஸ்மண்ட் பக்கத்தில் நின்றதால் அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அப்போதுதான் அவளுக்குள் முதல் முறையாகச் சுருக்கென்றது. குடும்பம், குடும்பம் என்று நினைத்தாளே, இந்த மேசையில் அந்தப் பாட்டு புரியப்போவது யாருக்கு?

தொகுப்பு மறுபடி சுற்றி வந்து ஆறாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தும் பொத்தான் கல்லாவுக்குப் பின்னால், பத்து அடி தூரம். அவள் ஓரடி வைத்தாள். அதற்குள் டெஸ்மண்ட் ஆயுள் பெருகட்டும் என்று பீச் பழம் போல் ஆவியில் அவித்த பாவ் அடுக்கிய தட்டை அவள் கையில் கொடுத்து, பெரியவர் முன்னால் கொண்டுபோய் வைக்கச் சொன்னான். அவள் வைத்துக்கொண்டிருக்கும்போதே ஏழாவது ஆரம்பித்தது.

'அப்பா, குடைகூட எடுக்காமல் போகிறீர்களே, அந்த வழியில் மழை பெய்தால் யார் பிடிப்பார்கள்' என்று ஒரு பெண் அழுதாள். மருமகள் அதற்குக் கைதட்டினாள். பேத்தி தோளை அசைத்தபடி போனில் படம் பிடித்தாள். எல்லோருக்கும் பிடித்துவிட்டது என்று கண்ட டெஸ்மண்ட் ஒலியைக் கொஞ்சம் கூட்டினான். ஒருவரும் எழுந்து நிற்கவில்லை.

பெரியவரின் விரல் நின்றது. கூரையைப் பார்த்தார். மகனைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், பேரப்பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தார். எல்லா முகத்திலும் சிரிப்பு. கடைசியில் பீ லியானின் முன்கையைப் பிடித்தார்.

"ஏம்மா, உனக்குக் கேக்குதா? யாரோ அழுவுறாங்களே."

டெஸ்மண்ட் இரண்டு கை தூரத்தில் நின்றான். பீ லியான் மாண்டரினில், "மன்னிக்கணும் ஐயா, எனக்கு ஹொக்கியன் தெரியாது" என்றாள்.

அந்த அளவு மாண்டரின் அவருக்குப் புரிந்தது. மெல்லத் தலையாட்டி, "அப்ப எனக்கு மட்டுந்தான் கேக்குது" என்றார். கையில் எடுத்த பாவைத் தட்டிலேயே வைத்துவிட்டார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, படத்துக்குச் சிரித்தார்.

இப்படிப் பேசினால் எவ்வளவு கௌரவமாக இருக்கிறது பாருங்கள் என்று டெஸ்மண்ட் அவள் காதோரம் வந்து பாராட்டினான். அதற்குப் பிறகு என்ன பரிமாறினாள், யாருக்குத் தண்ணீர் கொடுத்தாள் என்று எதுவும் நினைவில்லை. விருந்து முடிந்து அவரைக் காரில் ஏற்றும்போதுதான் அவளுக்குக் கால் வந்தது. துடைப்புத் துணியோடு வாசலுக்கு ஓடினாள். டெஸ்மண்ட் கதவருகில் நின்றான், நின்றால் நிற்கட்டும். கார் ஜன்னலில் குனிந்து தெரு முழுக்கக் கேட்கும்படி ஹொக்கியனில் சொன்னாள்:

"ஆ பே, எனக்கும் கேட்டுச்சு. எல்லாருக்கும் கேட்டுச்சு. அது மெஷின்ல ஓடுற பாட்டு. அர்த்தம் தெரியாம அந்தப் பய போட்டுட்டான். உங்களக் கூப்பிட வந்ததில்ல."

அவர் அவளையே பார்த்தார். "ஹொக்கியன் தெரியாதுன்னியே" என்றார்.

அவர் அவள் கையைத் தட்டிக் கொடுத்தார்.

"கெழவன் பயந்துருவான்னு ஓடி வந்து சொல்ற. உனக்கு நல்ல மனசும்மா."

இல்லை, நிஜம்தான் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மருமகள் ஆங்கிலத்தில் நன்றி சொல்லி ஜன்னல் கண்ணாடியை ஏற்றினாள்.