வழி காட்டப்படாதவர்

கல்லடி பட்டுச் செத்துப்போன யூ ஷிலின் மறுநாள் காலை வழக்கம்போலத் தன் வெங்காயத்தாள் பாத்திக்குத் தண்ணீர் விட்டார். மண்டை பிளந்திருந்தது, ரத்தம் காயவில்லை. பாத்தி நனைந்திருந்ததை எல்லோரும் பார்த்தோம், ஆகவே இதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை.

கொரியாவின் மேற்குக் கரைத் துறைமுகத்தில் காய்கறி போட்டுப் பிழைத்த, கடலுக்கு அக்கரை ஷான்டுங்கிலிருந்து வந்த சீனர்கள் நாங்கள். ஆட்சி ஜப்பான்காரனுடையது. அந்தக் கோடையில், மஞ்சூரியாவில் சீனர்கள் கொரியர்களைக் கொன்று குவித்துவிட்டதாக ஒரு பொய்ச் செய்தி வந்தது. சாயங்காலத்துக்குள் தெரு நிறையக் கூட்டம். யூ ஷிலினைக் கிணற்றடியில் மடக்கினார்கள். அடித்தவர்களில் பாதிப்பேர் காலையில் அவரிடம் முள்ளங்கி வாங்கியவர்கள். துறைமுகக் கூலி பியோன் சாங்சு கிணற்று மேடைக் கல்லைப் பெயர்த்து அவர் தலையில் போட்டதை யூ ஷிலினின் மனைவி குவெய்ஷியாங் சன்னல் வழியே பார்த்தாள்.

எங்கள் ஊர் வழக்கப்படி, செத்தவரின் மகன் முக்காலிமேல் ஏறி, தென்மேற்கே கைகாட்டி, போகும் வழியைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் செத்தவருக்குப் போகத் தெரியாது. வீட்டு மனுஷர்தான் காட்டலாம், அடுத்தவர் காட்டினாலும் தனக்குத்தானே காட்டிக்கொண்டாலும் செல்லாது. யூ ஷிலினுக்குப் பிள்ளை இல்லை. குவெய்ஷியாங் முக்காலியைக் கொண்டுவந்து வைத்தாள், ஆனால் ஏறவில்லை. "கொன்னவன் பேரைக் கோர்ட்டு சொல்லட்டும். அப்புறம் காட்டறேன்" என்றாள். அவள் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். அதனால்தான் அவர் எழுந்து நடந்தார்.

வழக்கு வந்தது. குவெய்ஷியாங் பார்த்ததைத் தடுமாறாமல் சொன்னாள். பக்கத்தில் அவரும் உட்கார்ந்திருந்தார், அவருடைய வழக்காயிற்றே. எதிர்த்தரப்பு வக்கீல் செகிகுச்சி நல்ல மரியாதைக்காரர், யூ ஷிலினைக் கூண்டில் ஏறச் சொல்லித் தலைவணங்கினார்.

"ஐயா, உங்களத்தான் கொன்னாங்களா?"

"ஆமாங்க."

"யாரு கல்லப் போட்டாங்கன்னு பாத்தீங்களா?"

"பின்னாலேருந்து போட்டாங்க. நான் பாக்கலீங்க."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். பியோன் பெயரை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். செத்த பிறகும் மனிதருக்கு அந்தச் சாமர்த்தியம் வரவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் ஆறவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறவர் கொலையுண்டவராக எப்படி இருக்க முடியும் என்று செகிகுச்சி கேட்டார். அரசு வக்கீல் குவெய்ஷியாங்கைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போய், "பொணம் இருந்தாத்தாம்மா கொலை. இவரை எப்படியாவது அனுப்பி வைங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் முக்காலிமேல் ஏறினாள். கையைத் தூக்கினாள். யூ ஷிலின் தண்ணீர்க் குடத்தோடு வந்து கீழே நின்றார்.

"கொன்னவன் பேரை எழுதிட்டாங்களா?"

"நீங்க போனாத்தான் எழுதுவாங்களாம்."

"எழுதாம எப்படிப் போறது? நான் போனப்புறம் காய்ச்சல்ல செத்தான்னு எழுதிட்டா?"

அந்தக் கோர்ட்டை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். தூக்கிய கையை இறக்கிவிட்டு, இறங்கி வந்து அழுதாள்.

கலகம் செய்ததற்காகப் பியோனுக்குச் சில மாதச் சிறை கிடைத்தது. கொலை நிரூபணமாகவில்லை. வெளியே வந்த வாரமே பியோன் காய்கறி வாங்க வந்தான். "என்ன யூ அண்ணே, நீங்க உசுரோட இருக்கீங்கன்னு தீர்ப்பே ஆயிடுச்சு. இன்னும் ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்றான். யூ ஷிலின் காயைக் கட்டிக் கொடுத்தார். பழக்கதோஷம், ஒரு கைப்பிடி கொசுறும் போட்டார். உள்ளே குவெய்ஷியாங் காய் நறுக்கும் சத்தம் நின்றுபோயிற்று.

எங்களில் பலர் கப்பலேறிப் போனார்கள், சிலர் தங்கினோம். ஜப்பான்காரர்கள் போனார்கள், ஒரு பெரிய சண்டை வந்து ஓய்ந்தது, பியோன் பேரப்பிள்ளைகள் சூழச் செத்து நல்ல இடத்தில் புதைக்கப்பட்டான். ஒவ்வொரு புது அதிகாரியிடமும் குவெய்ஷியாங் மனுக் கொடுத்தாள். ஒவ்வொருவரும் வாசலில் நின்ற யூ ஷிலினை எட்டிப் பார்த்துவிட்டு அவளைத் திருப்பி அனுப்பினார். தினமும் காலையில் அவர் தலைக்கட்டை அவிழ்த்துப் புதுத் துணி கட்டுவாள். அவள் தலை நரைத்து, முதுகு கூனியது. அவர் செத்த வயதிலேயே இருந்தார். தெரியாதவர்கள் அவளை அவருடைய அம்மா என்று நினைத்தார்கள், அவளும் திருத்துவதை விட்டுவிட்டாள்.

ஒரு வசந்தகாலத்தில் அவள் இறந்தாள். வீட்டு மனுஷர் வேறு யாரும் இல்லாததால் யூ ஷிலினே முக்காலியில் ஏறினார். தென்மேற்கே, கடல் பக்கம் கையை நீட்டினார்.

"குவெய்ஷியாங், இப்படியே போ. தண்ணியத் தாண்டினா நம்ம ஊரு. இருட்டறதுக்குள்ள போயிடு."

அவள் உடனே போய்விட்டாள். அவர் கொஞ்ச நேரம் முக்காலிமேலேயே நின்று, தன் விரல் காட்டிய பக்கம் பார்த்தார். தலைக்கட்டிலிருந்து ரத்தம் காதோரம் இறங்கியது, துணி மாற்ற ஆள் இல்லை. பிறகு இறங்கி, முக்காலியைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டு, வெங்காயத்தாளுக்குத் தண்ணீர் விடப் போனார்.