முனியராஜ் வண்டியின் சத்தம்

முனியராஜின் வண்டி ‘டமார்’ என்று ஒரு சத்தம் போட்டால் தெருவே வாசலுக்கு வந்துவிடும். வந்தவர்கள் அவனையும் அவன் வண்டியையும் ஒரு பாட்டம் திட்டிவிட்டு உள்ளே போவார்கள். அவன் அம்மா இருளம்மாள் மட்டும் போகமாட்டாள். ஓடுவாள்.

செருப்பில்லாமல், முந்தானை எங்கே கிடக்கிறது என்று பார்க்காமல், வெம்பக்கோட்டை ரோட்டில் ஓடுவாள். அணைக்கரை இறக்கத்தில் எதிரே வரும் மகனைக் கண்ணால் கண்ட பிறகுதான் நிற்பாள். “ஒண்ணுமில்லம்மா, வண்டிதான்” என்று அவன் சொல்ல வேண்டும். பிறகு பின்னால் ஏறிக்கொண்டு வீடு வருவாள். அன்றைக்கு அவள் சோற்றில் கை வைத்தால் அதிசயம்.

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி” என்பாள் பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி. அவளுக்கு என்ன, வாய் இருக்கிறது, சொல்கிறாள். ஆனால் இருளம்மாள் ஓடும்போது பின்னாலேயே செருப்பைத் தூக்கிக்கொண்டு போகிறவளும் அவள்தான்.

இருளம்மாள் ஓடுவதற்குக் காரணம் உண்டு. அந்தப் பக்கத்தில் சத்தம் கேட்டால் முதலில் வானத்தைப் பார்ப்பார்கள். புகை எழும்பினால் பட்டாசுக் கம்பெனியில் விபத்து. எழும்பாவிட்டால் புதுச் சரக்கை வெடித்துப் பார்க்கிறார்கள் என்று அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், இருளம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு சத்தம் கேட்டது. சரக்கைத்தான் பார்க்கிறார்கள் என்று அவளாக நினைத்துக்கொண்டாள். எழுந்து வானத்தைக்கூடப் பார்க்கவில்லை. அரிசியைப் புடைத்து முடித்து, கல் பொறுக்கி, உலையிலும் போட்டுவிட்டாள். கம்பெனி வேலைக்குப் போயிருந்த மகள் பாண்டிச்செல்வி போய்விட்டாள் என்று ஆள் வந்து சொன்னபோது சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து எந்தச் சத்தத்தையும் அவள் உட்கார்ந்து கேட்டதில்லை.

தங்கச்சி போனதோடு முனியராஜ் பட்டாசு வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டு, சிவகாசியில் லேபிள் அச்சடிக்கும் பிரஸ்ஸில் சேர்ந்திருந்தான். சாம்பிள்களைக் கம்பெனி கம்பெனியாகக் கொண்டுபோய்க் காட்டி ஆர்டர் வாங்குவது அவன் வேலை. வண்டி இல்லாவிட்டால் வேலை இல்லை. அந்த வண்டி சத்தம் போட்டால் அம்மா இல்லை. இரண்டுக்கும் நடுவில் அவன் தூக்கம் போனது. ஒருநாள் ஓட்டத்தில் இருளம்மாள் லாரிக்குக் குறுக்கே விழப் போனாள். முத்துப்பேச்சி மட்டும் கையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் தங்கச்சி போன வழியில் அம்மாவும் போயிருப்பாள். மறுநாள் காலையில் அவன் பிரஸ்ஸுக்குப் போகவில்லை. நேரே சாத்தூர் அகஸ்டின் பட்டறைக்குப் போனான்.

“அண்ணே, இன்னைக்கு இது அடங்கணும். இல்லேன்னா அணையில தள்ளிட்டுப் போயிருவேன்.”

அகஸ்டின் ஏற்கெனவே பிளக்கை மாற்றியிருந்தார், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியிருந்தார். இரண்டுக்கும் அடங்காத வண்டி அவருக்கும் மானக்கேடாகத்தான் இருந்தது.

“எப்ப வெடிக்குது? முறுக்கும்போதா, விடும்போதா?”

முனியராஜ் யோசித்தான். “இறக்கத்துலண்ணே. ஆக்சிலேட்டரை விட்டாத்தான்.”

“இத மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்னலே?” என்றார் அகஸ்டின். ஒரு டப்பாவில் சோப்புத் தண்ணீரைக் கலக்கிக் கொண்டுவந்தார். வண்டி ஆறியதும் ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, மறுபடி சூடேறுவதற்கு முன்பே என்ஜினோடு சைலன்சர் குழாய் சேரும் இடத்தில் ஊற்றினார். அங்கே நுரை குபுகுபுவென்று பொங்கியது.

“பாத்தியா? இங்கன ஒழுகுது. நீ ஆக்சிலேட்டரை விட்டதும் இந்த ஓட்டை வழியா வெளிக்காத்தை உள்ள இழுக்கும். எரியாத பெட்ரோல் குழாய்க்குள்ள கெடக்கும்லா, காத்து பட்டதும் படீர்னு புடிச்சுக்கிடும். ஒங்க ஊரு வேலைதான் உள்ள நடக்கு.”

குழாயைக் கழற்றினார். இரும்பு வளையம் இருக்க வேண்டிய இடத்தில் கருகிய தூசிதான் இருந்தது.

“பேக்கிங் எங்கலே?”

முனியராஜுக்கு முகம் செத்துவிட்டது. கம்பெனி கேட்டில், சைலன்சரில் பொறி பறக்காமல் இருக்க வலை போட்டால்தான் உள்ளே விடுவோம் என்று வாட்ச்மேன் சொல்லியிருந்தார். அது நியாயம்தான் என்று அவனே கழற்றி வலையை மாட்டினான். அப்போது பழைய பேக்கிங் உடைந்து கையோடு வந்துவிட்டது. என்ன செய்வான், பிரஸ்காரன். லேபிள் அடிக்கிற கெட்டி அட்டையை மூன்று மடிப்பாக வைத்து, வட்டமாக அழகாக வெட்டி, உள்ளே வைத்து முடுக்கிவிட்டான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதை.

“அட்டையா?” அகஸ்டின் சிரிக்கத்தான் வாயெடுத்தார். பையன் கண் கலங்கி நிற்பதைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. “சரி விடு. பொறி பறக்கக்கூடாதுன்னுதான செஞ்ச.”

புது வளையம் போட்டு முடுக்கினார். அன்று சாயங்காலம் இறக்கத்தில் வண்டி பூனை மாதிரி இறங்கியது. வாசலில் உட்கார்ந்திருந்த இருளம்மாள் மகன் எதிரே வந்து நின்ற பிறகுதான் நிமிர்ந்தாள். “எப்பய்யா வந்த?” என்றாள். அந்த ஒரு வார்த்தையில் முனியராஜுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அன்று ராத்திரி அவள் இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அந்த வாரம் முழுக்க ஓட்டமில்லை. முத்துப்பேச்சிக்குத்தான் திட்ட ஆளில்லாமல் வாய் நமநமத்தது.

ஞாயிற்றுக்கிழமை பிரஸ்ஸுக்கு லீவு. சீசன் என்பதால் கம்பெனிகளுக்கு லீவில்லை. முத்துப்பேச்சியின் மகள் மாடத்தி விடியும் முன்பே கம்பெனி வேன் ஏறிப் போயிருந்தாள். முனியராஜ் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். இருளம்மாள் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் மேற்கேயிருந்து வந்தது. வீட்டுக்குள் பாத்திரங்கள் அதிர்ந்தன.

இருளம்மாள் எழவில்லை. மகனையே பார்த்தாள். அவன் கண்ணெதிரே நிற்கிறான், வண்டி அவன் கையில் நிற்கிறது, அப்படியானால் இது எது என்று அவள் முகம் கேட்டது.

பக்கத்து வீட்டிலிருந்து முத்துப்பேச்சி ஓடிவந்தாள். பாத்திரம் தேய்த்த கையில் சாம்பலும் சோப்பும் வழிந்துகொண்டிருந்தன.

“ஏலே முனியா, ஒன் வண்டிதான?”

அவன் வாயைத் திறந்தான். ஆமாம் அத்தை என்று சொல்லிவிட அவனுக்கு உயிரே துடித்தது. ஆயுசில் ஒரு பொய்யை அத்தனை ஆசையோடு அவன் நினைத்ததில்லை.

“சொல்லுய்யா, ஒன் வண்டிதானே? நான் வைய மாட்டேன்யா. எம்புட்டுச் சத்தம் வேணும்னாலும் போடுய்யா.”

சொல்லிக்கொண்டே அவள் குனிந்து, ஈரக் கையைச் சைலன்சரின் மேல் வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் நின்றாள்.

“சுடலையேய்யா” என்றாள்.

தெருவில் எல்லோரும் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முத்துப்பேச்சி மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இருளம்மாள் எழுந்து வந்து அந்தக் கையை எடுத்துத் தன் சேலையில் துடைத்துவிட்டாள்.

“வண்டிய எடுலே” என்றாள் மகனிடம். “ஏறு மதினி. நான் அன்னைக்குப் போகல. நீ போயிரு.”