பேனா கேட்கும் பிள்ளைகள்

ஏழு, ஏழு, ஏழு, மறுபடியும் ஏழு. மருத்துவமனையின் மனநல ஆலோசகர் அந்தத் தாளைத் தலைகீழாகக்கூடப் பிடித்துப் பார்த்துவிட்டாள். பத்துக்கு எவ்வளவு பயம் என்று வாரா வாரம் பிள்ளையிடம் கேட்டு எழுதும் எண் அது. போன வருஷப் பிள்ளைகளுக்கு எட்டாவது வாரத்தில் மூன்றுக்கு வந்திருந்தது. இந்த வருஷம் ஒருவருக்கும் இறங்கவில்லை. அதே கையேடு, அதே அறை, அதே குட்டி நாற்காலிகள். பயிற்சி கொடுத்த குழு மட்டும் திட்டம் முடிந்து போய்விட்டது. ஒரு மணி நேர அமர்வு நாற்பது நிமிஷமாகச் சுருங்கியது. பல இடங்களில் சோதித்துத் தேறிய முறை இங்கே மட்டும் ஏன் படுத்துக்கொண்டது?

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம்மா. அப்புறம் நிறுத்திடலாம்" என்று பிரிவுத் தலைவர் சொல்லியிருந்தார். நிறுத்தினால் வெளியே பெஞ்சில் இருக்கும் ஒன்பது வயதுக்காரி என்ன ஆவாள்? வீட்டில் வாயாடி, வாசலைத் தாண்டினால் வாய்ப்பூட்டு. மாதக் கடைசிக்குள் வகுப்பில் ஒரு சொல்லாவது பேசாவிட்டால் வேறு பள்ளி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். "நேத்து என் காதுல ரகசியமா பேசுனா மேடம்" என்று அவள் அப்பா, அதுவே பெரிய சேதி போல, இரண்டு முறை சொன்னார்.

தேநீர் வாங்க வெளியே வந்தவளிடம் பதிவு மேசை அக்கா சிரித்தாள். "இந்த வருஷம் உங்க பிள்ளைங்க தொல்லையே இல்ல. போன வருஷம் என் உயிரை எடுத்துச்சுங்களே! ஒண்ணு பேனா கேக்கும், ஒண்ணு மணி என்னன்னு கேக்கும். ஒண்ணு அழுதுக்கிட்டே வந்து என் பேரைக் கேட்டுச்சு."

ஆலோசகர் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு உள்ளே ஓடினாள்.

பயத்தின் சங்கதி எளிது. பயந்த காரியத்தைத் தள்ளிப்போட்டால் அப்போதைக்கு நிம்மதி; அந்த நிம்மதியைத் தின்றுதான் பயம் கொழுக்கும். அதனால் பயத்தைப் படிகளாகப் பிரித்து, வாரம் ஒரு படி பிள்ளையையே ஏறவைப்பதுதான் முறை. பேனா கேட்பது ஒரு படி. மற்றப் பேச்செல்லாம் கரையில் நின்று நீச்சல் சொல்லிக்கொடுப்பது.

கையேட்டில் படி ஏறுவது ஒவ்வொரு அமர்வின் கடைசியில் வந்தது. நாற்பது நிமிஷத்தில் கடைசி வருவதே இல்லை. குறிப்புகளைப் புரட்டினாள்: 'படி அடுத்த வாரம்.' 'படி அடுத்த வாரம்.' எல்லாம் அவள் கையெழுத்து. நேரத்தின் மேல் மட்டும் பழி போட அவளுக்கு மனம் வரவில்லை. பிள்ளை அழுவதைப் பார்க்க வேண்டாம் என்பதில் அவளுக்கும் ஒரு நிம்மதி இருந்தது. முன்பு அந்தப் பயிற்சிக் குழு, பிள்ளை படி ஏறியதா என்று வாரா வாரம் கேட்டது. இப்போது கேட்க ஆளில்லை.

மேசைக்குத் திரும்பினாள். "அக்கா, இனி பிள்ளைங்க திரும்பவும் வந்து உங்க உயிரை எடுக்கும்."

"எடுக்கட்டும். பழகின உயிருதானே."

"எங்களையும் நீங்க கேக்கணும். நாங்க ஏமாத்துவோம்."

"டாக்டரையே கேள்வி கேக்கச் சொல்றீங்களா? நல்ல கதையா இருக்கே!" என்றாலும் அக்கா அளவுகோலை எடுத்துப் பதிவேட்டில் புதிதாக ஒரு கோடு போட்டாள்.

அன்றைக்கு அறைக்குள் போகும் முன்பே ஆலோசகர் பெஞ்சில் இருந்த பெண்ணை மேசைக்கு அழைத்து வந்தாள். கேட்க வேண்டியது ஒரே சொல்: பேனா. பின்னால் வரிசை நின்றது. யாரோ இருமினார்கள். மகளுக்காகக் கேட்க வாயெடுத்த அப்பாவைக் கண்ணால் நிறுத்தினாள் ஆலோசகர். பெண்ணின் கண்ணில் நீர் கட்டியது.

"நான் எங்கயும் போயிடல கண்ணு. மெதுவா கேளு" என்றாள் அக்கா.

பெண்ணின் உதடு பிரிந்து, மூடி, மறுபடி பிரிந்தது. அக்காவின் கைக்குக் கீழே, மை காயாத அந்தப் பத்தியின் தலைப்பில் எழுதியிருந்தது: 'முதல் இருபது நிமிஷம் படி ஏற. பேச்சு அப்புறம். ஏறிய படியின் எண்ணை இங்கே எழுதாமல் அடுத்த வாரச் சீட்டு கிடையாது.'